இன்னும் ஒரு ரொட்டி சாப்பிடலாமா

யசோதினி சொன்ன பொய் ரொம்பச் சின்னது. "வீட்டுலதான் இருக்காங்க" என்றாள், அவ்வளவுதான். கேள்வி கேட்ட றஷீனா மிஸ் தலையை ஆட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். பொய் சொன்னவளுக்கே அதன் கனம் அப்போது உறைக்கவில்லை.

பதுளையில் உடல் எடைக்கும் உணவுக்குமான கிளினிக் அது. மிஸ்ஸுக்கு எதிரே உட்கார்ந்திருந்தவள் யசோதினியின் நாத்தனார் கலாராணி. ஸ்பிரிங்வெளிக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில் இருபது வருஷமாகக் கொழுந்து பறிக்கிறவள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்தால், கூடையோடு மலையேறி இறங்கி, சாயங்காலம் கொழுந்து நிறுத்துவிட்டுத்தான் லயத்து வரிசை வீட்டுக்குத் திரும்புவாள். அப்படிப்பட்டவளைத்தான் வீட்டில் இருக்கிறாள் என்று யசோதினி சொன்னாள்.

காரணம் இல்லாமல் சொல்லவில்லை. வெளியே வரிசையில் நின்றபோது பக்கத்தில் ஷம்ரா என்றொரு பெண் இருந்தாள். அவளுடைய புருஷனுக்கும் கிட்னி பழுது. பேச்சுவாக்கில், "சொமை தூக்கி வேல செய்ற ஆக்கள்ட கிட்னிய எடுக்க மாட்டாங்களாம் தங்கச்சி, பொறகு அவங்களுக்கு ஏலாமப் போகுமாம், டொக்டர்மார் வேணாண்டுருவாங்களாம்" என்று சொல்லிவைத்தாள். யாரோ யாருக்கோ சொன்னது. ஆனால் யசோதினியால் அதை ஒதுக்கித் தள்ள முடியவில்லை.

ஏனென்றால் அவள் புருஷன் நிமலனுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டன. முப்பது வயதுகூட முடியவில்லை. பதுளையில் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவன், இப்போது வாரத்தில் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்தம் செய்துகொண்டு வந்து சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான். வாடகை அறையை விட்டுவிட்டு, அக்கா கலாராணி இருக்கும் லயத்துக்கே இருவரும் வந்துவிட்டார்கள். யசோதினியின் இரத்த வகை அவனுக்குச் சேரவில்லை. கலாராணியினுடையது சேர்ந்தது. கேட்க வேண்டிய அவசியமே வரவில்லை. "எங்கிட்டதான் ரெண்டு இருக்குல்ல" என்றாள் அவள். கொழும்பில் கடை வேலையில் இருந்த அவள் புருஷன் முருகையாவும் போனில் சரி என்று சொல்லிவிட்டான். பிள்ளை இல்லாத அந்த இருவருக்கும் நிமலன்தான் பிள்ளை மாதிரி.

எல்லாம் கூடி வந்த இடத்தில் கலாராணியின் உடம்பு குறுக்கே நின்றது. கோதுமை மா ரொட்டியும் சீனி போட்ட தேத்தண்ணியும் சேர்ந்து வளர்த்த உடம்பு. இந்த எடையோடு கத்தி வைக்க முடியாது, எட்டுக் கிலோ குறைத்துக்கொண்டு வாருங்கள், ஐப்பசியில் பார்க்கலாம் என்று கண்டி ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். அந்தத் தேதி தவறினால் அடுத்தது எப்போது என்று யாரும் சொல்லவில்லை. அதனால்தான் இந்தக் கிளினிக்.

"எக்சசைஸ் ஏதும் செய்றீங்களா?" என்று மிஸ் கேட்டார்.

கலாராணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "எக்சசைஸா? நமக்கு எங்க மிஸ் அதுக்கெல்லாம் நேரம்?"

அவள் பொய் சொல்லவில்லை. எக்சசைஸ் என்றால் அவளுக்குத் தெரிந்தது, காலையில் பதுளை மைதானத்தைச் சுற்றிச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு ஓடுகிறவர்கள் செய்வது. மலையில் கூடையைச் சுமப்பது வேலை. தோட்டத்தில் யாரைக் கேட்டிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார்கள்.

"வேலைக்குப் போறீங்களா?" என்று அடுத்துக் கேட்டபோதுதான் யசோதினி முந்திக்கொண்டாள்.

கலாராணி திரும்பி அவளைப் பார்த்தாள். யசோதினி மேசைக்குக் கீழே அவள் தொடையை அழுத்தினாள். உயர்தரம் வரை படித்தவள், ஆஸ்பத்திரிக் காரியமெல்லாம் பார்க்கிறவள், ஏதோ காரணமாகத்தான் சொல்கிறாள் என்று கலாராணி பேசாமல் இருந்துவிட்டாள்.

மிஸ் நல்லவர். நிதானமாக எடுத்துச் சொன்னார். காலையில் என்ன, மத்தியானம் எத்தனை கரண்டிச் சோறு, சீனி எவ்வளவு. தினமும் முக்கால் மணி நேரம் நடக்க வேண்டும். "ஒண்டு மட்டும் நல்லா விளங்கிக்கொள்ளுங்க. நடந்தா பசிக்கும். நடந்துட்டமே, எரிச்சதத் திருப்பிச் சாப்பிடுவம் எண்டு மனசு சொல்லும். போன்ல பார்த்தா அதுவும் அப்படித்தான் காட்டும், இவ்வளவு எரிச்சிட்டீங்க, இன்னும் சாப்பிடலாம் எண்டு. கேக்காதீங்க. போன் கூட்டித்தான் காட்டும். ஆக்கள் தோத்துப்போறது அங்கதான்."

வீட்டில் உட்கார்ந்திருக்கும் ஒருத்திக்கு அது பொன்னான புத்திமதி. அவர்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை.

லயத்துக்கு வந்ததும் யசோதினி சமையலைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். கலாராணி விடியும் முன் எழுந்து பெரட்டுக்கு ஓடுகிறவள், அளந்து சமைத்துக்கொண்டிருக்க அவளுக்கு ஏது நேரம்? காலையில் ஒரு ரொட்டி, கொஞ்சம் சம்பல், சீனி இல்லாத தேத்தண்ணி. மத்தியானத்துக்கு டப்பாவில் அளந்த சோறும் கீரையும் பருப்பும். ராத்திரிக்கு இன்னும் கொஞ்சம். கலாராணி ஒரு பருக்கை கூடக் கேட்கவில்லை. போட்டதைச் சாப்பிட்டாள்.

இதைவிடக் கொடுமை அந்த நடை. நாள் முழுக்க மலையில் ஏறி இறங்கிக் கொழுந்து நிறுத்துவிட்டு வந்தவள், முகத்தைக் கழுவிக்கொண்டு, மிஸ் சொன்னாரே என்று மறுபடி நடக்கக் கிளம்புவாள். கோயில் வரைக்கும் ஏறி, அங்கிருந்து பெரிய ரோட்டுக்கு இறங்கி, திரும்பவும் லயத்துக்கு ஏறுவாள். பக்கத்து வீட்டுப் பெரியாயி வாசலில் நின்று, "என்னாடி கலா, பகல்ல நடந்தது பத்தலையா? இல்ல, எங்கயாவது தொரை பங்களாவுல ஒனக்கு வேல குடுத்துட்டாங்களா?" என்று கேலி பண்ணுவாள்.

"இது எக்சசைஸ் அத்த. அது வேற, இது வேற" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு போவாள் கலாராணி.

யசோதினி அவள் போனில் கலோரி பார்க்கும் அப் ஒன்றைப் போட்டுக் கொடுத்திருந்தாள். மலைக்கும் அதை இடுப்பில் செருகிக்கொண்டுதான் போவாள். முதல் நாள் சாயங்காலம் அதைத் திறந்து பார்த்த யசோதினிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் சாப்பிட்டதைவிட எரித்தது எங்கேயோ மேலே நின்றது. பச்சை எழுத்தில், நீங்கள் இன்னும் சாப்பிடலாம் என்று காட்டியது. கூடையின் பாரம் அந்தப் போனுக்குத் தெரியாது. அது எண்ணியது வெறும் கால் வைப்பை மட்டும்தான்.

போன் கூட்டித்தான் காட்டும் என்று மிஸ் சொன்னதை யசோதினி பிடித்துக்கொண்டாள். இரண்டு நாள் கழித்து அந்த அப்பையே அழித்துவிட்டாள். "சார்ஜை எல்லாம் தின்னுது அண்ணி" என்றாள். கலாராணிக்கு அதில் கவலை ஒன்றுமில்லை.

ஒரு மாதத்தில் எடை கடகடவென்று இறங்கியது. கிளினிக்கில் தராசின் முள்ளைப் பார்த்ததும் யசோதினிக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. றஷீனா மிஸ்ஸின் முகத்தில்தான் சந்தோஷம் இல்லை.

"இவ்வளவு வேகமாக் குறையக் கூடாது. வீட்டுல என்ன செய்றீங்க?"

"நடக்குறாங்க மிஸ். ரொம்ப நடக்குறாங்க" என்றாள் யசோதினி. இங்கே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் நினைத்தாள். முன்னே சொன்ன பொய் வாயை அடைத்துக்கொண்டது.

"கிட்னி குடுக்கப் போற ஆள் தெம்பா இருக்கணும். மெலிஞ்சா மட்டும் காணாது. நான் சொன்னது கொஞ்சமா நடக்கிற ஆளுக்கு. களைப்பு, தலைசுத்து ஏதும் வந்தா எனக்கு ஒரு கோல் எடுங்க. அப்ப கணக்கு வேற, எரிச்சதுல ஒரு பங்கைத் திருப்பிச் சாப்பிடத்தான் வேணும்." தன் போன் நம்பரையும் கொடுத்தார்.

அந்த நம்பருக்கு வேலை வர அதிக நாள் ஆகவில்லை.

புரட்டாசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த நாட்கள். ஈரக் கூடை இரட்டிப்புக் கனம். ஒரு சாயங்காலம் கலாராணி அடுப்படிக்கு வந்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். நடுங்கிய கையை முந்தானைக்குள் வைத்து மறைத்தாள்.

"யசோ, ஒன்னு கேக்கணும். தப்பா எடுத்துக்காத புள்ள."

"சொல்லுங்க அண்ணி."

"மலையில நிக்கும்போது ரொம்பப் பசிக்குது. கண்ணு இருட்டிக்கிட்டு வருது. நேத்து அரைப் பேருதான் போட்டாங்க, கொழுந்து கொறஞ்சுபோச்சுன்னு பாதிச் சம்பளந்தான். நிமலனுக்காகத்தான் எல்லாம், எனக்குத் தெரியும். ஆனா வேல செஞ்ச அன்னைக்கு மட்டும் கூட ஒரு ரொட்டி சாப்பிடலாமா? மிஸ்கிட்ட கேட்டுச் சொல்லேன். அவங்க வேணாம்னா வேணாம்."

அடுத்த வீட்டில் கடன் கேட்பதுபோல அவ்வளவு கூச்சத்தோடு கேட்டாள். இருபது வருஷம் உழைத்துச் சாப்பிட்டவள், ஒரு ரொட்டிக்கு உத்தரவு கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

லயத்துக்குள் சிக்னல் கிடைக்காது. தண்ணீர்த் தாங்கிப் பக்கம் ஏறினால்தான் போன் எடுக்கலாம். யசோதினி குடையைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். நம்பரை எடுத்து வைத்துக்கொண்டு நின்றாள்.

கீழே லயத்தில் நிமலன் இருமுவது அவ்வளவு தூரத்துக்கும் கேட்டது. அன்று காலையில்தான் ஆஸ்பத்திரியில் அவனுக்கு நடுவிலேயே இரத்த அழுத்தம் இறங்கி, கண் செருகிவிட்டது; நர்ஸ்மார் ஓடிவந்து பார்த்தார்கள். பஸ்ஸில் அவள் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு, "ஐப்பசி வரைக்கும் தாங்குமா யசோ?" என்று கேட்டான். அண்ணிக்குக் குறைய வேண்டியது இன்னும் இரண்டு கிலோதான். மிஸ்ஸிடம் கேட்டால் என்ன சொல்வார் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். சாப்பிடச் சொல்வார். சாப்பிட்டால் எடை நின்றுவிடும், தேதி போய்விடும், அப்புறம் நிமலன்?

அவளைக் கெட்டவள் என்று சொல்லிவிட்டால் கதையைச் சுலபமாக முடித்துவிடலாம். அவள் கெட்டவள் இல்லை. புருஷன் பிழைக்க வேண்டும், அது ஒன்றுதான் அவள் மண்டைக்குள் இருந்தது. வேறு எதற்கும் அங்கே இடமில்லாமல் போனதுதான் பாவம்.

போனை மடியில் செருகிக்கொண்டு இறங்கி வந்தாள்.

"கேட்டேன் அண்ணி. வேணாமாம். இன்னும் கொஞ்ச நாள்தானே, பொறுத்துக்கச் சொன்னாங்க. ரொம்பப் பசிச்சா வெள்ளரிக்கா சாப்பிடட்டுமாம்."

பொய்யோடு ஒரு வெள்ளரிக்காயையும் சேர்த்துக் கொடுத்தாள். வெறும் பொய்யாக இருந்தால் நம்பமாட்டாளோ என்ற பயம்.

"அப்ப சரி" என்றாள் கலாராணி. "நாந்தான் ஒரு பேச்சுக்கு... மழையில ஏறிப் போயி கேட்டிருக்க, தலையத் தொவட்டு. சளி புடிக்கப் போவுது."

அன்று ராத்திரிச் சோறு பரிமாறும்போது யசோதினியின் கை அதன் போக்கில் ஒரு கரண்டி கூட அள்ளியது. தட்டுக்குப் போகும் முன்னே அதைத் திரும்பச் சட்டியில் போட்டாள். கலாராணி பார்க்கவில்லை. நிமலன் பார்த்தான்.

"அக்கா ஒழுங்கா சாப்புடுறாளா?" என்று பிறகு கேட்டான். "கன்னமெல்லாம் ஒட்டிப்போச்சு."

"மெலியத்தானே வேணும்னாங்க."

"மெலியிறது வேற யசோ. அவ கையப் பாத்தியா?"

யசோதினி பாத்திரம் கழுவப் போய்விட்டாள். உண்மையில் அவள் கலாராணியின் கையைப் பார்த்து எத்தனையோ நாளாயிற்று. அண்ணி வாசலில் வந்து நின்றால், இடுப்பு எவ்வளவு இறங்கியிருக்கிறது, ரவிக்கை எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்றுதான் கண் போகும். ஆளை எடைபோட்டுப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. அதை நினைத்து அவளுக்கே அருவருப்பாக இருந்தது. இருந்தும் மறுநாளும் அப்படியேதான் பார்த்தாள்.

கலாராணிக்குத் தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. ராத்திரியில் இரண்டு போர்வை போர்த்தினாலும் குளிர்கிறது என்றாள். எதற்கும் சிரிக்கிறவள், பெரியாயியின் கேலிக்கு ஒருநாள் எரிந்து விழுந்தாள். சாயங்கால நடையை மட்டும் விடவில்லை. நடுவழியில் உட்கார்ந்து உட்கார்ந்து நடந்தாள்.

கண்டித் தேதிக்கு இரண்டு வாரம் இருந்தபோது டொக்டர்மார் கேட்ட எடை வந்து சேர்ந்தது. தோட்டத்து மருந்துச்சாலைத் தராசில் ஏறி இறங்கிய கலாராணி, "போதுமா யசோ? இனிமே பயமில்லல்ல?" என்று கேட்டாள். யசோதினி அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். கைக்குள் எலும்பு நெருடியது. அப்போதே போட்டிருக்கலாம் அந்த ஒரு ரொட்டியை. கண்டிக்குப் போகும்வரை எடை ஏறிவிடக் கூடாதே என்று அதையும் தள்ளிப்போட்டாள்.

மூன்றாம் நாள் கொழுந்து நிறுக்கிற கொட்டகையில் கலாராணி விழுந்தாள். சாக்கைத் தராசில் மாட்டி, கங்காணி நிறையைச் சொல்ல, சரி என்று திரும்பியவள் அப்படியே சரிந்தாள். சிமெந்துக் கட்டின் விளிம்பில் நெற்றி பிளந்தது. தண்ணீர் தெளித்தும் எழவில்லை. கொழுந்து ஏற்ற வந்த டிராக்டரிலேயே சாக்குகளுக்கு நடுவில் படுக்க வைத்துப் பதுளைக்குக் கொண்டுபோனார்கள். செய்தி கேட்டு ஓடிவந்த யசோதினி அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு போனாள். நெற்றியில் துணியை அழுத்திப் பிடித்திருந்த விரல்களுக்கிடையில் இரத்தம் வந்துகொண்டிருந்தது. வழி நெடுக அவள் வேண்டிக்கொண்டது, அண்ணியின் உயிருக்குத்தானா, கிட்னிக்கா என்று கேட்டால் அவளால் நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியாது.

வார்டில் தையல் போட்டு, சேலைன் ஏற்றி, இரத்தமும் சிறுநீரும் எடுத்துக்கொண்டு போனார்கள். மறுநாள் பத்து மணிக்கு டொக்டர் சொல்லி அனுப்பி றஷீனா மிஸ் வந்தார். கட்டிலில் கலாராணி தூங்கிக்கொண்டிருந்தாள். மிஸ் அவளைப் பார்த்தார், கொழுந்துக் கறை ஏறிய அவள் விரல் நுனிகளைப் பார்த்தார், யசோதினியை வராந்தாவுக்கு அழைத்துப் போனார்.

"வீட்டுல இருக்கிற ஆள் கொழுந்து நிறுக்கிற எடத்துல எப்படி விழுந்தா?"

யசோதினி எல்லாவற்றையும் சொன்னாள். வரிசையில் ஷம்ரா சொன்னது, தான் சொன்னது, மலை, கூடை, அதற்கு மேல் அந்தச் சாயங்கால நடை. சொல்லச் சொல்ல மிஸ் கண்ணை மூடிக்கொண்டார்.

"சொமை தூக்குற ஆள் குடுக்க ஏலாதுண்டு ஆர் சொன்ன? ஒப்பரேசனுக்குப் பொறகு கொஞ்ச மாசம் தூக்க வேணாம் எண்டுதான் சொல்லுவாங்க. அவ்வளவுதான். ஒரு சொல்லு என்னட்டக் கேட்டிருந்தா..." நிறுத்திவிட்டுத் தொடர்ந்தார். "நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிற ஆளுக்குப் போட்ட சாப்பாடு அது. அதைச் சாப்பிட்டுட்டு மலையில கூடை சுமந்திருக்கிறா. அவ எரிச்சதுல பாதியாவது திருப்பிச் சாப்பிட்டிருக்கணும். அப்பவும் மெலிஞ்சிருப்பா, கொஞ்சம் ஆறுதலா மெலிஞ்சிருப்பா. இப்ப போயிருக்கிறது கொழுப்பு மட்டுமில்ல, சதையும் போயிட்டு. கிட்னி ரிப்போட்டும் சரியில்ல."

"கிட்னியா?"

"ஓம். தண்ணியும் காணாம, சாப்பாடும் காணாம அடிபட்டிருக்கு. சாப்பிட்டுத் தேறினா சரிவரலாம். மூணு மாசம் கழிச்சுத்தான் சொல்ல ஏலும். ஐப்பசிக்கு இவவைக் கொண்டுபோக ஏலாது."

எந்தத் தேதிக்காக ஒரு ரொட்டியை மறுத்தாளோ, அந்தத் தேதி போய்விட்டது. யாருக்காக மறுத்தாளோ, அவனுக்கு வைத்திருந்ததையும் தன் கையாலேயே பழுதாக்கி வைத்திருக்கிறாள். யசோதினி வராந்தாச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுகை கூட வரவில்லை.

"எல்லாம் சரி, தலைசுத்து வந்தா கோல் எடுக்கச் சொன்னேனே" என்றார் மிஸ். "ஒரு நாளும் எடுக்கல்லியே நீங்க." பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விட்டார்.

உள்ளே வந்தபோது கலாராணி விழித்திருந்தாள். நெற்றிக் கட்டுக்குக் கீழே கண்கள் பெரிதாகத் தெரிந்தன.

"மிஸ் வந்தாங்களா? திட்டினாங்களா? நானும் விழுந்து தொலைச்சிட்டேனே. கண்டிக்குப் போறதுக்குள்ள ஆறிருமில்ல?"

யசோதினி கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இன்னொரு பொய் சொல்லலாம், கலாராணி நம்புவாள். நம்புவாள் என்பதுதான் அவளைக் கொன்றது.

"அண்ணி, அன்னைக்கு நான் மிஸ்கிட்ட கேக்கல."

"என்னைக்கு?"

"கூட ஒரு ரொட்டி சாப்பிடலாமான்னு கேட்டீங்களே. தாங்கி வரைக்கும் போனேன். கோல் எடுக்கல. கேட்டா சாப்பிடத்தான் சொல்லுவாங்கன்னு தெரியும். அதான் கேக்காமலே வந்து வேணாம்னு சொன்னேன்."

கலாராணி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். யசோதினி மீதியையும் சொன்னாள், ஐப்பசித் தேதி போனதை, கிட்னி ரிப்போர்ட்டை, மூன்று மாதத்தை. முடித்துவிட்டு அடி விழட்டும் என்று காத்திருந்தாள். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"வெள்ளரிக்கா?" என்று கேட்டாள் கலாராணி.

"நானாச் சொன்னது."

கலாராணி முகத்தைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தாள்.

"நீ நெசத்தச் சொல்லி, அண்ணி, பட்டினி கெடந்தாத்தான் அவன் பொழைப்பான்னு கேட்டிருந்தா, நான் கெடந்திருப்பேனே புள்ள. சந்தோஷமா கெடந்திருப்பேன். ஏன் என்னைய ஏமாத்தினே?"

யசோதினி அவள் கையைப் பிடிக்கப் போனாள். கலாராணி கையை மெல்லப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"தம்பிக்குத் தெரியுமா?"

"இன்னும் இல்ல."

"சொல்லாத. பட்டினி போட்டது தெரிஞ்சா, அக்கா கிட்னி எனக்கு வேணாம்னுருவான். மூனு மாசமோ ஆறு மாசமோ, ரிப்போட் சரியாயிருச்சுன்னா அவனுக்குக் குடுப்பேன். அதுல மாத்தமில்ல. எந் தம்பி அவன்."

மத்தியானச் சாப்பாட்டு வண்டி வந்தது. யசோதினி அவசரமாகப் பையைத் திறந்தாள். விடியற்காலை எழுந்து சமைத்துக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். சோறு, பருப்பு, முட்டைப் பொரியல். இந்தத் தடவை அளக்கவே இல்லை. பார்சலைப் பிரித்துக் கட்டிலில் வைத்தாள்.

கலாராணி அதைப் பார்த்தாள். கோபமாகக் கூடச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் சொல்வதுபோலச் சொன்னாள்.

"எடுத்துட்டுப் போ யசோ. இனிமே எனக்கு நீ சோறு போட வேணாம்."

வண்டி தள்ளிவந்த அம்மாவிடம் சைகை காட்டி ஆஸ்பத்திரிச் சோற்றை வாங்கிக்கொண்டாள். சேலைன் ஏறாத கையால் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தாள். பாதியில் தலையை உயர்த்தி, இன்னும் கொஞ்சம் போடச் சொல்லிக் கேட்டாள். யசோதினி பார்சலை மறுபடி கட்டி மடியில் வைத்துக்கொண்டு, பார்வை நேரம் முடியும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.